புகையும் சில்லும்

மோட்டார் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை செய்விக்க வேண்டும் என்னும் விதி, இலங்கையில் 2008 ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பெற்றோல் வாகனமாயின், புகைக்குழாயினின்று வெளிவரும் காபனோரொட்சைட்டும் ஐதரோக்காபன்களும் அளக்கப்படும். அளவு மிகாதிருப்பின் சான்றிதழ் கிடைக்கும். அதனைக் காட்டி வருமான அனுமதிப்பத்திரம் பெறலாம். காரின் சில்லு எந்நிலையில் உள்ளது என்பதைப் புகைக்குழாய் கூறுவதில்லை.

கோண்டாவிலில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மொறிஸ் மைனர், அயலிலுள்ள கராஜுக்கு வந்தது இச்சான்றிதழின் பொருட்டே. காபறேற்றரைச் சீர்செய்தாற் போதும் என்பது அவர் எண்ணம். அடுத்த வாரம் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி பெற்றிருந்த பேத்தியை அவரே அழைத்துச் செல்வதாக இருந்தது. ஏறக்குறைய 140 கிலோமீற்றர் பயணம். பேத்தி தன் தோழியர்க்கெல்லாம் இதனைச் சொல்லி வைத்திருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் வெறும் வாகனமன்று. குடும்பத்தில் ஓர் உறுப்பினர் எனினும் மிகையாகாது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த இக்கார், 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் இங்கு மண்ணெண்ணெயிலும் ஓடிற்று. எதையும் தாங்கும் என்ற பெயர் அதற்கு வந்தமைக்குக் காரணமுண்டு. அப்பெயரே அதற்குப் பகையாகவும் அமைந்துவிடுகிறது.

கராஜ்காரர் அவ்வாசிரியரிடம் கணிதம் கற்றவர். காபறேற்றரைத் திருத்தியபின், கேளாமலே முன் மட்கார்ட்டை இரு கைகளாலும் அழுத்தி விட்டார். கார் ஒருமுறை எழுந்து அமைந்தது. ஷொக் அப்சோபரில் குறையில்லை. அடுத்து ரயரைத் தடவினார். உட்புற ஓரம் தேய்ந்து, விரலை ஒரு திசையில் வழுக்கியும் மறுதிசையில் அராவியும் நின்றது. உடனே ஜக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

ஜக்கை வைக்கும் இடத்திலேயே பலர் ஏமாறுகின்றனர். இக்காரின் முன்பாரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி, கீழ்க்கையை எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். காரின் உடலுக்கு அடியில் ஜக்கை வைத்து உயர்த்தினால், அவ்வழுத்தம் தேய்ந்த பாகங்களை ஒன்றோடொன்று இறுக்கிவிடும், ஆட்டம் மறைந்துபோகும். அவர் கீழ்க்கைக்கு அடியில் வைத்தே உயர்த்தினார். சில்லை இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தபோது ஆட்டமில்லை. ஸ்ரியறிங் கம்பிகளின் முனைகள் நன்றாகவே இருந்தன. மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தபோதுதான் 'டொக்' என்றொரு மெல்லிய ஓசை எழுந்தது. கராஜ் பையனைப் பிறேக்கை மிதிக்கச் சொன்னார். பெயரிங் தேய்ந்திருப்பின் பிறேக் பிடித்ததும் அவ்வாட்டம் நின்றிருக்கும், நிற்கவில்லை. பின்னர் ரயரின் அடியில் அலவாங்கைக் கொடுத்து நெம்பினார். சில்லு எழுந்து விழுந்தது.

"மாஸ்ரர், புகை பாஸாகும். ஆனால் காரை இப்ப உங்களிட்டைத் தரமாட்டன்."

"தம்பி, முப்பத்தைஞ்சு வருசமா இதை நான்தான் ஓடுறன். ஸ்ரியறிங்கிலை எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை."

"ஒவ்வொரு நாளும் ஓடுற ஆளுக்குத் தெரியாது, மாஸ்ரர்."

இவ்விடை ஆசிரியரைச் சுட்டது. ஆயினும் அதில் உண்மை இருந்தது. தேய்வு ஒரே நாளில் வருவதன்று. ஸ்ரியறிங் மயிரிழை தளரும்போது கையும் மயிரிழை கூடுதலாகத் திருப்பப் பழகிக்கொள்ளும். மதகின்மேல் ஏறி இறங்கும்போது எழும் ஓசையைக் காதும் காரின் இயல்பென ஏற்றுக்கொள்ளும். அனுபவசாலியின் கைக்கே இப்பழக்கம் விரைவில் வருகின்றது என்பதுதான் விந்தை.

தேய்ந்திருந்தது கிங்பின்னின் கீழ்ப்பகுதி. மேலும் கீழும் மரை வெட்டப்பட்ட நிமிர்ந்த கம்பி அது. சில்லைத் தாங்குவதும் அதுவே, திருப்புவதும் அதுவே. ஒவ்வொரு வளைவிலும் அம்மரைகள் தம் உறைகளுள் சிறிது ஏறி இறங்கும். கிறீஸ் ஒழுங்காகச் செல்லாவிடின் சேறும் நீரும் புகுந்து மரையைத் தின்றுவிடும். முற்றாகத் தேய்ந்தபின் கம்பி உறையிலிருந்து கழன்று, சில்லு மடிந்து, காரின் முன்பக்கம் வீதியில் விழும். மெதுவாக ஒழுங்கைக்குள் திரும்புகையில் இது நேர்ந்தால் மட்கார்ட் நசுங்குவதோடு போகலாம். ஏ9 வீதியில், பேருந்தொன்று எதிர்வர, பேத்தி பக்கத்து இருக்கையில் இருக்க நேர்ந்தால்?

ஆசிரியர் இதைக் கேட்கவில்லை, கராஜ்காரரும் சொல்லவில்லை.

இக்கார் பிறந்த பிரித்தானியாவில் வாகனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனை 1960 இல் தொடங்கியது. கிங்பின்னின் ஆட்டத்தையும் அங்கு நெம்பிப் பார்ப்பர். 2018 முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத நாற்பதாண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு அங்கும் விலக்களிக்கப்பட்டது. பழைய காரின் உரிமையாளர் அதனைப் பேணிக்கொள்வார் என்ற நம்பிக்கை அவ்விலக்கில் உண்டு. பேணுதலும் மினுக்குதலும் வேறு என்பது கோண்டாவிலில் அன்று தெரிந்தது. அக்காரின் பச்சை வர்ணத்தில் முகம் பார்க்கலாம்.

ஆசிரியர் நெடுநேரம் சில்லருகே குந்தியிருந்தார். பின்னர் தாமே அலவாங்கை வாங்கி ஒருமுறை நெம்பிப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்தபடி, "மற்றப் பக்கத்தையும் தூக்கிப் பார், தம்பி" என்றார்.

மற்றப் பக்கமும் அவ்வாறே இருந்தது. பாகங்கள் கொழும்பிலிருந்து வரப் பத்து நாட்களாயின. அதற்குள் பேத்தி பெட்டியுடன் பேருந்திற் சென்றுவிட்டாள். ஆசிரியரும் உடன் சென்று, மாலைப் பேருந்தில் திரும்பினார். கழற்றிய கம்பியைக் கராஜ்காரர் கொடுத்தபோது, அதன் மேல்மரையைப் பெருவிரலால் தடவினார். புரிகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. கீழ்மரையைத் தடவியபோது விரல் வழுக்கிச் சென்றது.

புகைப் பரிசோதனை அதற்கடுத்த திங்கட்கிழமை முடிந்தது. குழாயைச் செருகினார்கள், எண்களைப் பார்த்தார்கள், சான்றிதழைக் கொடுத்தார்கள். சில்லை எவரும் தொடவில்லை.