வண்டிப்பெரியாரில் ஒரு தீட்டுக்கல்

தேனியிலிருந்து மேற்கே செல்லும் சாலை கம்பத்தையும் கூடலூரையும் கடந்து, லோயர் கேம்ப் என்னும் அடிவாரத்தில் மலையைத் தொடுகிறது. அங்கிருந்து ஏறும்போது, பெரியாற்று நீரை மின்நிலையத்திற்கு இறக்கும் பெருங்குழாய்கள் சரிவில் நீண்டு கிடப்பதைக் காணலாம். உச்சியில் குமுளி, அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. ஏலக்காய் மணக்கும் அக்கடைத்தெருவைத் தாண்டி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சென்றால் வண்டிப்பெரியார். பெயரில் வண்டியும் உண்டு, ஆறும் உண்டு. இவ்வூரைப் பற்றி எழுதுவோர் தேயிலையின் பசுமையையும் மூடுபனியையும் வருணிக்காமல் விடுவதில்லை. அவை இருக்கட்டும். நாங்கள் எழுதப் புகுந்தது ஒரு சாணுக்கும் குறைவான நீளமுள்ள ஒரு கல்லைப் பற்றி.

முல்லைப்பெரியாறு அணை 1895ஆம் ஆண்டில் கட்டி முடிந்தது. அதன்பின் ஆற்றின் நீரில் பெரும்பங்கு சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கிற்கும் வைகைக்கும் வந்தது. நம் மக்களோ கிழக்கிலிருந்து மேற்கே மலையேறினர். முதலில் காப்பி பயிரிட்டிருந்த அம்மலைகளில் இலைநோய் கண்டு காப்பி அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்ட காலம் அது. கம்பம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் ஆள் திரட்டி அழைத்துச் சென்றனர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பீர்மேடு வட்டம் கேரளத்தில் சேர்ந்தது. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. எனினும் லயத்து வாசலில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. நம் வாசகர்களில் அவ்வாசலில் பிறந்தோரும் இருக்கக்கூடும்.

அவர்களுக்குக் கவாத்து என்றால் விளக்க வேண்டியதில்லை. ஏனையோருக்காகச் சொல்கிறோம். தேயிலை, விட்டால் மரமாக வளரும் செடி. அதைக் கொழுந்து கிள்ளும் கைக்கு எட்டும் உயரத்தில் நிறுத்தவும், புதுத்தளிர் விடச் செய்யவும், நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றரை அடி, இரண்டடி உயரத்தில் வெட்டிவிடுவர். இதுவே கவாத்து. பட்டாளத்தார் செய்யும் அணிவகுப்புப் பயிற்சிக்கும் இதே சொல் வழங்குவது ஒரு வேடிக்கை. வெட்டி முடித்த தேயிலைச் சரிவைப் பார்த்தால், தலை மழித்த சிப்பாய்கள் வரிசையாய் நிற்பது போலத்தான் இருக்கிறது!

கொழுந்து கிள்ளுவது பெரும்பாலும் பெண்டிர் வேலையாகவும், கவாத்து ஆடவர் வேலையாகவும் இருந்து வந்துள்ளது. கவாத்துக் கத்தி நுனியில் சற்றே வளைந்தது. கிளையைக் கீழிருந்து மேல்நோக்கி ஒரே வீச்சில், சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டுவாய் வழவழப்பாக இருந்தால் மழைநீர் வழிந்தோடும். காயம் விரைவில் பட்டை மூடி ஆறும். கத்தி மழுங்கியிருந்தால் கிளை வெட்டுப்படாமல் நசுங்கிப் பிளக்கும். பிளவில் நீர் தங்கும்; நீர் தங்கிய இடத்தில் பூஞ்சணம் நுழைந்து தண்டை உள்ளிருந்தே அரிக்கும். செம்பு கலந்த மருந்துப் பசையை வெட்டுவாயில் பூசுவது இதைத் தடுக்கவே. ஆனால் பிளந்த கிளையின் அடிவரை எந்தப் பசை செல்லும்? ஒரு நாளில் ஒருவர் வெட்டுவது ஒரு செடியன்று. செடிக்கு ஒரு வெட்டுமன்று. காலையில் கத்தி தீட்டச் சோம்பியவரின் பிழை, பல ஆண்டுகளுக்குப் பின் சரிவில் சொத்தைத் தூறுகளாய் நிற்கும். அவருடைய தோளோ அன்று மாலையே அதை உணர்ந்துவிடும்.

எங்கள் உறவினர் ஒருவர் அங்கே நாற்பது ஆண்டுகள் கவாத்து வெட்டியவர். நாங்கள் பெரியப்பா என்றும், எங்கள் பிள்ளைகள் தாத்தா என்றும் அழைப்போம். சென்ற கோடையில் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, கத்தி மழுங்கியதை எவ்வாறு அறிவது என்று கேட்டோம். வாயை விரலால் தடவிப் பார்ப்பாரென்று எதிர்பார்த்தோம். அவரோ கத்தியை வெயிலை நோக்கிப் பிடித்தார். "வெளிச்சத்துல பாருங்க தம்பி. கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. எங்கயாச்சும் வெள்ளக் கோடா மின்னுச்சுன்னா அந்த எடம் மழுங்கிப்போச்சு" என்றார். உண்மைதான். ஒளியைத் திருப்பி அனுப்புவதற்கு ஓர் அகலம் வேண்டும்; கூர்மைக்கு அந்த அகலம் இல்லை.

தீட்டும் முறையையும் கூர்ந்து கவனித்தோம். திண்ணையில் அமர்ந்து, தொடைமேல் ஈரச் சாக்கை விரித்து, கத்தியின் முதுகை அதில் பதித்துக்கொள்கிறார். வாய் வெளிப்புறம் நோக்கியிருக்கும். கத்தி அசைவதில்லை, கல்தான் அசைகிறது. வீட்டில் அரிவாள்மணையைத் தரைக்கல்லில் தேய்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். வளைந்த கத்தியைத் தட்டைக் கல்லில் இழுத்தால் நடுப்பகுதி கல்லைத் தொடாமலே போய்விடும். கல்லைக் கையிலெடுத்தால் அதன் விளிம்பை வளைவுக்குள் செலுத்தலாம். சொரசொரப்பான பக்கத்தை முதலில் நீரில் நனைத்து, பிடியருகிலிருந்து நுனிவரை ஒரே சாய்வில் தேய்க்கிறார். சிறிது நேரத்தில் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலை வாயின் நெடுக ஓட்டாமல், முதுகிலிருந்து வெளிநோக்கிக் குறுக்கே மெல்ல இழுத்தால் அப்பிசிறு தட்டுப்படும். அது பிடிமுதல் நுனிவரை தொடர்ந்து இருந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். பிறகு மறுபக்கம். அதன்பின் கல்லைத் திருப்பி, வழவழப்பான முகத்தால், அழுத்தமே இல்லாமல் இருபுறமும் மாறிமாறிச் சில இழுப்புகள். கடைசியில் பழைய தோல்வாரில் நான்கு முறை துடைத்தெடுக்கிறார். கல்லைப் பற்றிய விரல்கள் அதன் மேல்விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்குவதே இல்லை. இதை எங்கள் சிறுவனிடம் மும்முறை சொன்னார். வேறெதையும் அவர் இருமுறை சொன்னதில்லை.

சாய்வின் அளவைக் கேட்டபோது கையைக் காட்டினாரே தவிரக் கணக்குச் சொல்லவில்லை. நகரவாசிகளுக்கு ஓர் எளிய வழி உண்டு. தாளின் செங்கோண மூலையை ஒருமுறை மடித்தால் 45 பாகை, மறுமுறை மடித்தால் 22½ பாகை. வெட்டுக்கத்திக்கு ஏறக்குறைய அதுவே போதும். கோடரிக்குச் சற்றுக் கூடுதல் வேண்டும். கவாத்துக் கத்தி பச்சைக் கிளையைச் சீவுவது. கோடரியோ காய்ந்த சில்வர் ஓக் கட்டையின் கணுவில் மோதுவது. வாயை மிக மெல்லிதாக்கினால் முதல் அடியிலேயே பல் விழும். கோடரித் தலையைக் கட்டைமேல் சாய்த்து, காம்பை முழங்காலால் அழுத்திக்கொண்டு, கல்லைச் சிறுசிறு வட்டமாகச் சுழற்றுகிறார் பெரியப்பா.

கல்லின் வரலாறும் சுவையானது. பண்டு ஆற்றுக்கல்லும் மணற்கல்லுமே தீட்டுக்கல்லாய் இருந்தன. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர், செயற்கை வைரம் செய்ய முயன்று, களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் பெருஞ்சூட்டில் காய்ச்சினார். வைரம் கிடைக்கவில்லை, கடினத்தில் அதற்கு அடுத்த நிலையில் வைக்கத்தக்க படிகம் கிடைத்தது. அதற்குக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். நம் சென்னையிலேயே கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் தொடங்கியது. திருவொற்றியூரில் அதன் ஆலை எழுந்தது. இன்று ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் வழவழப்பும் உள்ள கல்லை எந்த இரும்புக் கடையிலும் வாங்கலாம். சக்கரத்தில் சாணை பிடிப்பது விரைவுதான். ஆனால் தீப்பொறி பறக்கும் வேகத்தில் மெல்லிய வாய் சூடேறி நீலம் பாய்ந்தால், எஃகின் பதம் போயிற்று. பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நில்லாது. கைக்கல்லில் அந்த அச்சம் இல்லை.

2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது, பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. பெரியப்பா வேலை செய்த தோட்டமும் அவற்றுள் ஒன்று. சம்பளம் நின்றது, லயத்துக் கூரை ஒழுகியது. கவாத்து காணாத தேயிலை ஆளுயரத்தைத் தாண்டி மரமாயிற்று. அந்த ஆண்டுகளில் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தக் கத்தியாலும் கோடரியாலும்தான். ஏலத் தோட்டங்களில் நிழல் கழிப்பது, விறகு பிளப்பது, வேலி வெட்டுவது என்று கூப்பிட்ட இடத்திற்கெல்லாம் சென்றார். "கூப்புட்டவங்க ஆளப் பாக்கல, மொதல்ல கத்தியத்தான் பாத்தாங்க" என்று பெரியம்மா சொன்னார்கள். வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் விடியுமுன் திண்ணையில் கல் உரசும் ஓசை கேட்குமாம். கேட்காத நாளில் அரிசிப் பானையை எடுக்க வேண்டியதில்லை என்று தமக்குத் தெரிந்துவிடும் என்றார்கள். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், நாங்கள் சிரிக்கவில்லை.

இன்று கவாத்திற்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. பெரியப்பாவுக்கு அவற்றின்மேல் பகை ஒன்றும் இல்லை. அவர் பேரன் திருப்பூரில் பனியன் ஆலையில் இருக்கிறான். அவனுக்குக் கத்தி தீட்டும் தேவை இல்லை. ஆயினும் நாங்கள் அங்கிருந்தபோது விடுமுறைக்கு வந்தவன், கேட்காமலே கோடரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பெரியப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் வட்டம் சுழற்றியது சற்று வேகம் என்பது எங்களுக்கே தெரிந்தது. அவர் சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றினார்; கை தானாகவே மெதுவாயிற்று.

ஊர் திரும்புமுன் நாங்களும் கடைத்தெருவில் ஒரு கல் வாங்கினோம். பெரியப்பா அதைத் தட்டி ஓசை பார்த்து, விரிசல் இல்லை என்று திருப்பித் தந்தார். எண்ணெய் ஒருமுறை விட்டால் பிறகு தண்ணீர் விடலாகாது. எது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். மழைக்காலத்தில் தீட்டிய வாய்க்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள் என்றார். நாளடைவில் கல் நடுவில் குழிந்துவிடும். அப்போது எறிந்துவிட வேண்டா. சிமெண்டுத் தரையில் மணலும் நீரும் தூவி, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தால் மீண்டும் சமமாகும். அவருடைய கல் அவ்வாறு தேய்ந்து தேய்ந்து இப்போது பிஸ்கட் கனத்தில் இருக்கிறது.