கொம்பும் காலும்

கொடியாலத்து ஒப்பாரி இல்லை என்றது கணினி.

ஜீயபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் பாடிய 61 பாட்டுகளைப் பதிவுசெய்திருந்தோம். பட்டியலில் உள்ள பெயர்களெல்லாம் கோப்புறையில் இருக்கின்றனவா என்று பார்க்க, என் மாணவி பைத்தானில் ஒரு சிறு சோதனை நிரல் எழுதினாள். 14 பெயர்களுக்கு நேரே 'இல்லை' என்று வந்தது.

"அம்மா, நான்தான் எதையோ அழிச்சுட்டேன் போல" என்றாள். "பொம்பளப் புள்ளைங்க கையில கொடுத்தா இப்படித்தான்" என்றார் உடன் பணிபுரியும் ஒருவர். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. கொடியாலத்து ஒப்பாரியைப் பாடியவர் போன ஆடியில் இறந்துவிட்டார். அம்மாவின் குரலைக் கேட்ட மகளிடம், கிடைக்கவில்லை என்று சொல்லியும்விட்டேன்.

ஒரு வாரம் கழித்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நகலெடுக்கலாம் என்று கோப்புறையைத் திறந்தேன். 'கொடியாலம் ஒப்பாரி' அங்கேயே இருந்தது. பதினான்கும் இருந்தன. அதுவரை இருவருமே கோப்புறையைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

விடுபட்டவற்றை ஒரு தாளில் எழுதினேன்: கொடியாலம், முக்கொம்பு, போசம்பட்டி. ஜீயபுரம், அந்தநல்லூர், திருப்பராய்த்துறை ஆகியவற்றில் சிக்கல் இல்லை. பதிவுசெய்த நாளும் கருவியும் வேறு வேறு. எழுத்தைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. விடுபட்ட எல்லாப் பெயரிலும் முன்னால் கொம்பும் பின்னால் காலும் பெற்ற ஓர் எழுத்து இருந்தது.

யூனிகோடில் 'கொ'வின் குறியை 3018 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம். கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடின் விதி. ஆனால் சில கோப்பு முறைமைகள் பெயரைப் பிரித்துச் சேமிக்கின்றன, சில கொடுத்தபடியே வைத்துக்கொள்கின்றன. ஒலிப்பதிவுகள் தோழியின் பழைய கணினி வழியாக வந்தவை, அவற்றின் பெயர்கள் பிரிந்திருந்தன. பட்டியல் மாணவி தட்டியது, அதில் சேர்ந்திருந்தன. நிரல் எண்களை மட்டுமே ஒப்பிட்டது.

ஓலைச்சுவடியில் கொ, கோ இரண்டும் ஒரே வடிவம். படிப்பவர் இடமறிந்து பிரித்துக்கொள்வார். நெடிலுக்கு இரட்டைக்கொம்பு தந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். இங்கே கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

ஒப்பிடும் முன் இருபக்கப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியை நிரலில் சேர்த்தாள். 61-ம் வந்தன.

கருவி 'இல்லை' என்றதும் அவள் தன் கையைச் சந்தேகித்தாள், நான் அவளைச் சந்தேகித்தேன். இரண்டுமே எங்களுக்குப் பழக்கப்பட்டவை. அந்த ஆசிரியரின் பேச்சுக்கு நான் வாய் திறக்காததும் பழக்கம்தான். மறுநாள் துறையில் எல்லோர் முன்னும், காரணம் என்னவென்று அவளையே விளக்கச் சொன்னேன். அவரும் இருந்தார்.

அன்று மாலை கொடியாலத்துக்குப் போனோம். பாட்டுக்கு முன்னால் அந்த அம்மா இருமித் தொண்டையைச் செருமும் சத்தம் பதிவாகியிருந்தது. மகள் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.