கருப்பி அடை கிடந்த கதை

‘கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?’ என்று கேட்கிறது பழமொழி. அந்தக் கோழியை அடையில் உட்கார வைக்க என்ன பாடு பட வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அக்காவும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் அதைச் சென்ற ஆண்டு பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில், மேலகரத்தில் எங்கள் வீடு. கொல்லையில் ஆச்சி ஒன்பது பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் வளர்த்து வந்தார்கள். முட்டை விற்ற காசு ஆச்சியின் சொந்தக் காசு. எங்கள் பேனாவும் ரிப்பனும் அதிலிருந்துதான் வரும். சித்திரை வெயிலில் வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்தது. ஒரே வாரத்தில் எட்டுக் கோழிகள் மாண்டன. சேவலும், கருப்பி என்ற பெட்டையும் மட்டுமே மிஞ்சின. அதன்பின் ஆச்சி கொல்லைப்பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். கேட்டால், "இனி எதுக்கு?" என்ற ஒரே பதில். அதைக் கேட்கப் பொறுக்காமல், கருப்பியைக் கொண்டே கொல்லையை மறுபடியும் நிறைப்பது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

ஆனி மாதம். சாரல் தொடங்கியிருந்தது. கருப்பி இட்ட முட்டைகளை அன்றன்றே எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் பத்திரப்படுத்தினோம். பன்னிரண்டு சேர்ந்ததும் ஓலைப்பெட்டியில் அடுக்கி, கருப்பியைப் பிடித்து அதன்மேல் இருத்தி, பஞ்சாரத்தைப் போட்டு மூடினோம். இரவெல்லாம் உள்ளே ஒரே ரகளை. காலையில் திறந்தால் நான்கு முட்டைகள் உடைந்து கிடந்தன. கருப்பி எங்களைத் தாண்டிப் பறந்து வேலிக்கு அப்பால் போய்விட்டது. அப்போதுதான் ஆச்சி திண்ணையை விட்டு எழுந்து வந்தார்கள்.

"ஏட்டி, கோழிய நாம உக்கார வைக்க முடியாது. எடத்தத்தான் காட்டலாம். அதுவாத்தான் உக்காரணும்."

அன்று முதல் ஆச்சி சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். விறகு அடுக்கிய இருட்டு மூலையில் பழைய மண்சட்டியை வைத்து, மணல் பரப்பி, மேலே வைக்கோலை வட்டமாகச் சுருட்டிப் போட்டோம். கருப்பி அங்கே முட்டையிடத் தொடங்கியதும், ஒன்றிரண்டு முட்டைகளை எப்போதும் அதிலேயே விட்டு வைத்தோம். கூட்டில் முட்டை இருப்பதைக் கண்டால்தான் கோழிக்கு அடை நினைப்பு வருமாம். எடுத்த முட்டைகளில் பென்சிலால் தேதி குறித்து, நிழலான இடத்தில் மணல் பானையில் வைத்தோம். குளிர்சாதனப் பெட்டியில் கருவின் உயிர் குன்றிவிடும். பத்து நாளைக்கு மேல் வைத்தாலும் பயனில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் கருப்பி முட்டையிடுவதை நிறுத்திவிட்டுக் கூட்டிலேயே கிடந்தது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது. அடிவயிற்று இறகுகள் உதிர்ந்து தோல் தெரிந்தது. அந்தச் சூடு நேரே முட்டையில் படுவதற்காகவே அப்படியாம். "இப்ப வைக்கலாம்" என்றார்கள் ஆச்சி. இருட்டிய பிறகு, ஓசைப்படாமல் 11 முட்டைகளை அதன் அடியில் தள்ளினோம். கருப்பி ஒவ்வொன்றையும் அலகால் இழுத்து அணைத்துக்கொண்டது.

மறுநாள் அறிவியல் வகுப்பில் இதைச் சொன்னபோது சிஸ்டர் மகிழ்ந்து விளக்கினார்கள். அடை உணர்வைத் தூண்டுவது புரோலாக்டின் என்னும் சுரப்பு. தாய்மாருக்குப் பால் சுரக்கச் செய்வதும் அதுவே. அடை கிடக்கும் கோழி முட்டையிடாது என்பதால், நாமக்கல் பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகளில் அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்களாம். அவை ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். அடை கிடக்கத் தெரியாது. நம் நாட்டுக்கோழி அதைவிட மிகக் குறைவாகவே இடும். ஆனால் தாயாகத் தெரியும்.

ஏழாம் நாள் இரவு டார்ச் விளக்கில் பார்த்தோம். ஒன்பதில் சிவந்த நரம்புகள் சிலந்தி வலை போல் தெரிந்தன. இரண்டு கூமுட்டை, அவற்றை எடுத்துவிட்டோம். கருப்பி நாளுக்கு ஒரு முறை மட்டுமே இறங்கி, குறுநொய்யும் தண்ணீரும் அவசரமாகத் தின்று குடித்துவிட்டு ஓடும். ஒரு நாள் இரவு மலைப்பக்கமிருந்து பெரும் இடி இடித்தது. முட்டைக்கு இடி ஆகாதென்று ஆச்சி கூட்டில் கரித்துண்டும் இரும்புத் துண்டும் போட்டார்கள். கூரை ஒழுகி முதுகு நனைந்தும் கருப்பி அசையவில்லை. நற்செய்தியில் ஆண்டவர் தம்மைத் தாய்க்கோழிக்கு ஒப்பிட்டதை மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அன்றிரவுதான் அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது.

இருபத்தோராம் நாள் ஓட்டுக்குள்ளிருந்து ‘கீச் கீச்’ கேட்டது. மாலைக்குள் எட்டுக் குஞ்சுகள் வெளிவந்தன. ஒன்பதாவது ஓட்டில் சிறு துளை மட்டும் விழுந்திருந்தது. பாவம், வலுவில்லை போலும் என்று இரங்கி, ஆச்சிக்குத் தெரியாமல் ஓட்டை உரித்தோம். இரத்தம் கசிந்தது. சிறிது நேரத்தில் குஞ்சு எங்கள் கையிலேயே இறந்தது. துளையிட்டபின் குஞ்சு பல மணி நேரம் ஓய்ந்திருக்கும். சவ்விலுள்ள இரத்தமும் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவும் உடலுக்குள் சேர்வது அந்த நேரத்தில்தான் என்று பின்னர் அறிந்தோம். நாங்கள் அழுதோம். ஆச்சி திட்டவில்லை. "அவசரப்படாத கைதான் நல்ல கை" என்று மட்டும் சொன்னார்கள்.

முதல் வாரத்திலேயே எட்டுக் குஞ்சுகளையும் கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு சென்று, வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து போட்டு வந்தோம். கூடையைச் சுமந்து முன்னால் நடந்தவர்கள் ஆச்சி. இப்போது காலையில் எங்களுக்கு முன்பே அவர்கள் கொல்லையில் நிற்கிறார்கள். "இனி எதுக்கு?" என்ற சொல் எங்கள் வீட்டில் கேட்பதில்லை.

அன்புத் தோழியரே, அன்பு மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும் என்று கருப்பி எங்களுக்குக் கற்றுத் தந்தது. தேர்வு முடிவுக்கும் தோழியின் கோபம் தணிவதற்கும் காத்திருக்கும்போது, நாங்கள் அந்த இருட்டு மூலையை நினைத்துக்கொள்கிறோம்.