இருநூறாம் இடத்து அணி

ஜூன் 8, 2025. ஞாயிறு. வேங்கிக்கால்

நாளை மறுநாள் கொழும்பில் இலங்கைக்கும் சீன தைபேவுக்கும் ஆட்டம். 2027 ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்று, டி பிரிவு. தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீன தைபே, இலங்கை என நான்கு அணிகள். முதலிடம் பிடிக்கும் ஒன்றுதான் சவூதி அரேபியாவுக்குப் போகும். மற்ற மூன்றும் வீட்டுக்கு.

மார்ச் 25 அன்று பாங்காக்கில் இலங்கை 0–1 என்று தோற்றது. எனக்கு வருத்தமே இல்லை. தாய்லாந்திடம் அவர்கள் மண்ணில் ஒரே கோலோடு தப்பி வருவது, இந்த அணியைப் பின்தொடர்கிறவர்களுக்குக் கிட்டத்தட்டப் பண்டிகை. 2019 அக்டோபரில் தென்கொரியாவிடம் 0–8 வாங்கியவர்கள் இவர்கள். கிம் ஷின்-வூக் என்கிற நெட்டை மனிதர் தனியாளாக நான்கு அடித்தார்.

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இந்த அணி என்று வீட்டில் கேட்கிறார்கள். பூட்டான்தான் காரணம். 2018 உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்கள் 2015 மார்ச்சில் தொடங்கின. ஃபிஃபா தரவரிசையில் அப்போது 209 நாடுகள், 209-ஆவது பூட்டான். அதற்குமுன் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ஒன்றில்கூட அது ஆடியதில்லை. அந்த நாடு கொழும்புக்கு வந்து 1–0 என்று ஜெயித்தது. ஐந்து நாள் கழித்துத் திம்புவில் 2–1. செஞ்சோ கெல்ட்ஷென் இரண்டையும் அடித்தார். செய்தித்தாள் எல்லாம் பூட்டானைக் கொண்டாடியது. அடுத்த சுற்றில் கத்தாரிடம் அவர்கள் 0–15 வாங்கியபோதும் பரிவோடுதான் எழுதினார்கள். பூட்டானிடம் தோற்ற பதினோரு பேரைப் பற்றி ஒரு வரி இல்லை. பேருந்தில் எப்படி ஊர் திரும்பியிருப்பார்கள், வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதிலிருந்து பிடித்துக்கொண்டது.

இலங்கை இந்தச் சுற்றுக்கு வந்த வழியே பெரிய கதை. 2023 ஜனவரியில் இலங்கைக் கால்பந்துச் சங்க நிர்வாகத்தில் வெளித் தலையீடு என்று ஃபிஃபா தடை போட்டது. ஆகஸ்டில் நீக்கியது. அக்டோபரில் யேமனிடம் 0–3, பிறகு கொழும்பில் 1–1; உலகக் கோப்பைக் கதவு அங்கேயே சாத்தியாயிற்று. ஆனால் ஆசியாவில் உலகக் கோப்பைக்கும் ஆசியக் கோப்பைக்கும் முதல் படிகள் ஒன்றுதான். அங்கே விழுந்தவர்களுக்கு இன்னொரு சன்னல் உண்டு. 2024 செப்டம்பரில் கம்போடியாவோடு கொழும்பில் 0–0, புனோம் பென்னில் 2–2, பெனால்டியில் இலங்கை. அன்று இரவு தெருவில் யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. யாருமே இல்லை.

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். திங்கள் என்பதால் கலெக்டர் ஆபீஸில் மனு நாளும்கூட. எங்கள் ஜெராக்ஸ், டைப்பிங் கடைக்கு இந்த ஒரு நாள்தான் வாரத்தைத் தாங்குகிறது. பட்டா, முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று, வேலித் தகராறு. எல்லாம் "ஐயா வணக்கம்" என்று தொடங்கும்.

பதினொரு மணிக்கு அடி அண்ணாமலை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு தம்பி வந்தான். பிறந்தது இங்கே அரசு ஆஸ்பத்திரியில், படித்தது இங்கே. அப்பா அம்மா சின்ன வயதில் தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். குடியுரிமை கேட்டு மனு. போன வருஷமும் எழுதிக் கொடுத்தேன். அதே மனுதான், தேதி மட்டும் மாற்றினேன்.

கைபேசித் திரையில் மெஸ்ஸி படம். நாளைக்கு இலங்கை ஆட்டம் இருக்கிறது தெரியுமா என்றேன்.

"இலங்கைக்கு ஃபுட்பால் டீம் இருக்கா அண்ணா?"

பெயர்ப் பட்டியலைத் திரையில் காட்டினேன். கோல்கீப்பர் சுஜான் பெரேரா, மாலத்தீவு கிளப்புகளில் பல காலம் ஆடியவர். ஜெர்மனியின் டைனமோ ட்ரெஸ்டன் கிளப்பின் தடுப்பாட்டக்காரர் கிளாடியோ கம்மர்க்னெக்ட். லண்டனில் பிறந்த டில்லன் டி சில்வா. ஸ்வீடன் கிளப்புகளில் ஆடிய ஆதவன் ராஜமோகன் வந்ததும் விரல் நின்றது.

"இவரு நம்ம ஆளுங்களா?"

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

"இவருக்கு பாஸ்போர்ட் எப்படி குடுத்தாங்க?"

மனு எழுதுகிறவனிடம் கேட்கவேண்டிய கேள்விதான். விளையாடும் நாட்டின் குடியுரிமை ஒருவருக்கு இருக்கவேண்டும். ஃபிஃபாவின் அடிப்படை விதி அது. இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. ஸ்டாக்ஹோமிலோ லண்டனிலோ வளர்ந்த பிள்ளை அந்த ஊர்ப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே இலங்கைப் பாஸ்போர்ட்டும் வாங்கலாம். இந்தியாவில் அது முடியாது. வெளிநாட்டு இந்திய வம்சாவளியினர் இந்திய ஜெர்சி போடவேண்டுமென்றால் இருக்கும் குடியுரிமையை விட்டுவிட்டு வரவேண்டும். அதனால்தான் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களை ஆடவிடலாமா என்று டெல்லியில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதற்குள் வங்கதேசம் இங்கிலாந்திலிருந்து ஹம்சா சவுத்ரியைக் கூட்டிவந்து, மார்ச்சில் ஷில்லாங்கில் இந்தியாவை 0–0 என்று நிறுத்திவிட்டுப் போய்விட்டது.

இதையெல்லாம் தம்பி கேட்டுக்கொண்டான். "அப்ப ரெண்டு வச்சிருக்கவங்க ஆடலாம், ஒண்ணுகூட இல்லாதவங்க மனு எழுதலாம்" என்றான். மனுவுக்குக் காசு வாங்கவில்லை. அதற்காகவென்று இல்லை, சில்லறையும் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

இங்கே பௌர்ணமி கிரிவலம், இலங்கையில் பௌத்தர்களின் பொசொன் போயா. ஒரே நிலவுக்கு இரண்டு ஊரிலும் கூட்டம். வேலூர் பக்கத்திலிருந்து வரும் பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேங்கிக்கால் வழியாக மதியத்திலிருந்தே சனம் நடந்துகொண்டிருக்கிறது. ஆந்திரக்காரர்கள், சென்னைக்காரர்கள், செருப்பைக் கையில் பிடித்தவர்கள். பதினான்கு கிலோமீட்டர் நடக்கப்போகிறவர்கள் ஏற்கெனவே இரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டார்கள்.

பௌர்ணமி என்றால் நெட்வொர்க் செத்துவிடும். ஸ்கோர் பக்கம் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர்ப் பாட்டில் வாங்க வந்தவர்களிடம் "உங்க போன்ல வருதா" என்று கேட்டேன். ஓர் அம்மா, எந்தக் கோயில் லைவ் என்று விசாரித்தார்.

கடைசியில் வந்தது. இலங்கை 3, சீன தைபே 1.

மூன்று கோல்! இந்த அணி தகுதிச் சுற்றில் மூன்று அடித்து ஜெயித்த வேறொரு கணக்கு 2019-இல் இருக்கிறது, மக்காவ் அணியோடு. அது காகிதத்தில் வந்த மூன்று. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு மக்காவ் கொழும்புக்கு வர மறுத்தது. ஆட்டம் நடக்காமலே 3–0 என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்கு வந்தது காலால் அடித்தது.

சாயங்காலம் ஹாங்காங்கில் இந்தியாவும் ஆடியது. சி பிரிவு. தரவரிசையில் நாம் 127, அவர்கள் 153. கடைசி நிமிடங்களில் பெனால்டி, 0–1. தோற்றதில் ஆச்சரியமில்லை, கோல் அடிக்க யாருமே இல்லாத அணி. சுனில் சேத்ரியை ஓய்விலிருந்து திரும்ப அழைத்து வந்தபோதே நிலைமை தெரிந்துவிட்டது. நூற்று நாற்பது கோடிப் பேருக்கு நாற்பது வயதுக்காரர் ஒருவரை விட்டால் ஆளில்லை என்பது வெட்கக்கேடு. இதை நாளைக்குக் கடையில் சொன்னால் கிரிக்கெட் பார்க்கிறவன்கூட அடிக்க வருவான்.

ஜூன் 11, புதன்

மதியம்வரை பௌர்ணமி இருந்ததால் கூட்டம் கலையவில்லை. கடையில் வேலை இல்லை. டி பிரிவில் நேற்றைய இன்னொரு முடிவு: துர்க்மெனிஸ்தான் 3, தாய்லாந்து 1. ஆக, துர்க்மெனிஸ்தான் ஆறு புள்ளி, தாய்லாந்தும் இலங்கையும் மூன்று மூன்று, சீன தைபே பூஜ்யம்.

ஜூன் 15, ஞாயிறு

தம்பி கூப்பிட்டதால் சாயங்காலம் முகாம் பக்கம் போனேன். கல்லும் முள்ளுமான திடல், செங்கல்தான் கோல்கம்பம். இடது விங்கில் ஆடுகிறான். நல்ல வேகம், பந்தைப் பின்னால் கொடுக்கத்தான் மனசு வருவதில்லை.

அவனுடைய பாட்டி திண்ணையில் இருந்தார். கொழும்பில் நம் ஆட்கள் ஜெயித்துவிட்டார்களாம் என்று பேரன் சொன்னதற்கு, "ஆர் நம்மட ஆக்கள்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, மன்னாரில உதைபந்து அடிக்காத பொடியன் இல்லை. கோயில் பெருநாள் எண்டால் ஊருக்கு ஊர் மட்ச்தான். என்ர தம்பி கோலி" என்றார். அந்தத் தம்பி இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பாட்டி சொன்னது மிகையில்லை. வடக்கில், அதிலும் மன்னாரின் கடற்கரைக் கிராமங்களில், கிரிக்கெட்டைவிடக் கால்பந்துக்குத்தான் மவுசு. இலங்கை அணிக்காக ஆடிய டக்சன் பியூஸ்லஸ் மன்னார்க்காரர். மாலத்தீவு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர், 2022 பிப்ரவரியில் அங்கேயே இறந்துபோனார். யாழ்ப்பாணத்தில் துரையப்பா விளையாட்டரங்கம் இருக்கிறது. போர்க்காலத்தில் பாழாகிக் கிடந்ததை இந்திய அரசின் பணத்தில் புதுப்பித்து 2016 ஜூன் 18 அன்று திறந்தார்கள். நரேந்திர மோடி டெல்லியிலிருந்து காணொலியில் கலந்துகொண்டார். அந்த நாட்டு மைதானத்துக்குக் கொடுக்க நம்மிடம் பணம் இருந்தது. அந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைக்குக் கொடுக்கத் தாள் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டோடு நிறுத்திக்கொண்டது. 1983-இலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. முகாம்களுக்கு 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். வீடுகள் கட்டிக் கொடுக்கிறார்கள், அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

அப்துல்லா அல் முதைரிதான் இலங்கைக்குப் பயிற்சியாளர். குவைத்துக்காரர். நேபாளத்தை 2021 தெற்காசிய சாம்பியன்ஷிப்பில் இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனவர். அவர் அணியைக் கட்டியிருக்கும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஊரைவிட்டுப் போனவர்களின் பிள்ளைகளைத் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள். பெர்லினில் பிறந்த வசீம் ரசீக் 2021 ஜூனில் லெபனானுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தபோதே (ஆட்டம் 2–3) வழி தெரிந்துவிட்டது. ஆனால் ஐரோப்பாவரை தேடுகிறவர்கள் பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேல் முகாம்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சாயங்காலம் ஒரு பந்து உருள்கிறது.

ஜூன் 16, திங்கள்

மறுபடி மனு நாள். தம்பி பாட்டியின் பழைய பெட்டியிலிருந்து அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றைத் தேடி எடுத்து வந்திருந்தான். மடிப்பில் கிழிந்திருந்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியலாம் என்று சொன்னேன். "எனக்கு அந்த ஊரே தெரியாதுண்ணா, இந்தியாதான் வேணும்" என்றான். நியாயம். இந்திய மனுவையும் கொடுத்துவை, இதையும் யோசித்து வை என்றேன். எது முதலில் கிடைத்தாலும் அவனுக்கு இப்போது இருப்பதைவிட ஒன்று அதிகம்.

அக்டோபரில் இலங்கைக்கு இரண்டு ஆட்டமும் துர்க்மெனிஸ்தானோடு. பிரிவில் முதலிடம் வருவார்கள் என்று நான் நம்பவில்லை. மூன்றாவது இடம் வந்தாலே பெரிய விஷயம். ஆனால் சீன தைபே ஆட்டத்துக்கு முன்னாலும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முகாமில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பெற்றோரின் பழைய இலங்கைச் சான்று, அடையாள அட்டை எது பெட்டியில் இருந்தாலும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. லேமினேட் மட்டும் செய்யாதீர்கள்.