153 மீன்கள்

யோவான் 21:11. பேதுரு இழுத்த வலையில 153 பெரிய மீன்கள். ஏன் 153? 'ஏராளம்'னு எழுதிட்டுப் போயிருக்கலாமே!

காலேஜ்ல இந்த எண் என்னை விடவே இல்லை. 1 முதல் 17 வரை கூட்டினா 153 (அகஸ்டின் அப்பவே கவனிச்சிருக்கார்). மூணால வகுபடற ஒரு எண்ணை எடுத்து, இலக்கங்களோட கனங்களைக் கூட்டிக்கிட்டே போங்க. 12 எடுத்தா 9, 729, 1080, 513, அப்புறம் 153. அங்கேயே நின்னுடும். சி-யில ஒரு புரோகிராம் எழுதி ஒரு லட்சம் வரை ஓட்டினேன். ஒண்ணுகூடத் தப்பலை. லேப்ல உடம்பு சிலிர்த்துடுச்சு.

பக்கத்து சீட் நண்பன் விடுவானா? "370, 371, 407 எல்லாமும் கனம் கூட்டினா அதே எண்தான்டா. அதுல எந்த சாமி இருக்கார்?"

நியாயமான கேள்வி. எட்டடிமானத்துல 153-ஐ 231னு எழுதணும். கன வித்தை காலி. 17 வரைக்குமான கூட்டல் மட்டும் எந்த அடிமானத்துலயும் நிக்கும்.

அன்னிக்கு ராத்திரி அந்த அதிகாரத்தை மறுபடி படிச்சேன். ராமுழுக்க ஒண்ணும் சிக்காத ஆளுங்க. விடிஞ்சதும் கரையில இயேசு, கரிநெருப்பு, அப்பம். அந்த நேரத்துலயும் யாரோ ஒருத்தர் உக்காந்து மீனை ஒண்ணொண்ணா எண்ணியிருக்கார் பாருங்க, எனக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிச்சிருந்தது.