ஒன்பது புள்ளி

இரணைமடுச் சந்தியில நிண்டுகொண்டு "நாங்கள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யிறம்" எண்டு சொன்னால் மூன்று விதமான பதில் வரும். "விசரே உங்களுக்கு?" முதலாவது. "உந்தக் காசுக்கு ஒரு லாண்ட்மாஸ்டர் எடுத்திருக்கலாம்" இரண்டாவது. கொஞ்சம் வயதுபோன ஆக்கள் சொல்லுற மூன்றாவதுதான் எங்களுக்குப் பிடிச்சது: "எஞ்சின் என்ன?"

எஞ்சின் மொறிஸ் மைனர். 948 சிசி.

கிற் கார் என்ற சொல் எங்கட பக்கத்தில் பழக்கத்தில் இல்லாதது. விசயம் லேசானது. பழைய கார் ஒன்றை வாங்கு. பொடி துருப்பிடிச்சு உக்கியிருந்தாலும் பரவாயில்லை. எஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு, ஸ்ரியறிங் இவற்றைக் கழற்று. இரும்புக் குழாயில் நீயே ஒரு சட்டம் ஒட்டி, எல்லாவற்றையும் அதில் பூட்டு. மேலே ஒரு மெல்லிய தகடு. இரண்டு சீற். கூரை வேண்டாம். பாகம் தருகிற அந்தப் பழைய காரை ஆங்கிலத்தில் 'டோனர்' என்கிறார்கள். இரத்தம் குடுக்கிறவருக்கும் அதே சொல்தான்.

இதைப் பெரிய அளவில் ஆக்கினது கொலின் சப்மன். 1948இல் லண்டனில் படிச்சுக்கொண்டிருந்த பெடியன், காதலியின் வீட்டுக் கராஜில் வைத்துப் பழைய ஒஸ்ரின் செவன் ஒன்றைப் பிரிச்சுத் தன் முதல் காரைச் செய்தான். 1957இல் அவருடைய லோட்டஸ் செவன் வந்தது. முழுக் காராக வாங்கினால் கொள்வனவு வரி. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் வரி இல்லை. பூட்டுற விதத்தை எழுதிக் கொடுத்தாலும் வரி வந்துவிடும் என்பதால் கழற்றுற விதத்தை எழுதிக் கொடுத்ததாகவும், ஆக்கள் அதைக் கடைசியிலிருந்து வாசிச்சுப் பூட்டினதாகவும் ஒரு கதை இருக்கு. 1996இல் ரொன் சம்பியன் என்பவர் 250 பவுணுக்கு ஸ்போர்ட்ஸ் கார் செய்யலாம் என்று புத்தகமே போட்டார். அவருக்கு டோனர் போர்ட் எஸ்கோட். எஸ்கோட்டுக்கு நாங்கள் எங்கை போறது?

லோட்டஸ் செவனின் ஒரு வகைக்குள் போட்டிருந்தது மொறிஸ் மைனரில் இருந்த அதே 948 சிசி எஞ்சின்தான் என்று வாசிச்ச அண்டைக்கு எங்கட கதை தொடங்கினது. மொறிஸ் மைனர் எண்டால் வடக்கில் தெரியாத ஆள் இல்லை. கலியாணத்துக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான்.

எங்களுக்கு முன்னமே இந்த மண்ணில் ஆக்கள் எஞ்சினோட மல்லுக்கட்டியிருக்கினம். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு பெற்றோல் மருந்துபோல ஆகியிட்டுது. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், சோமசெற், மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு, ஏழுக்கு ஒன்று அளவில் இருக்கும், அதனால் தாங்கிச்சு. இண்டைக்கு வாற கார் ஒன்றுக்கு அப்பிடி விட்டால் தட்டித் தட்டியே செத்துப்போகும். இது எங்கட கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. பேகசன் உழவு இயந்திரத்திலேயே பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவு எரிபொருளுக்கு மாத்துற வகை ஒன்று இருந்தது. வித்தியாசம், அவங்கள் அதுக்கெண்டே எஞ்சினைச் செய்தாங்கள். எங்கட ஆக்கள் இருந்த எஞ்சினைச் சம்மதிக்க வைச்சினம்.

எங்களுக்கு உதவுற கராஜ் ஐயா அந்தக் காலத்து ஆள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால வழிஞ்சு கீழ ஒயிலோட கலந்துவிடும், ஒயில் தண்ணியாப் போகும், பெயரிங் போகும் என்று அவர் சொல்லுறதைக் கேட்டால், வருத்தக்காரரைப் பற்றிக் கதைக்கிற டொக்ரர் மாதிரி இருக்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்குப் போனபோது அவர் சிரிச்சார். "இனித் தடை போடத் தேவையில்லை, தம்பி."

ஆனால் அவை செய்ததெல்லாம் தேவைக்கு. நோயாளியை ஏற்ற, நெல்லை ஏற்ற, இடம்பெயர. ஆசைக்காக ஒரு வாகனம் செய்ய அந்த ஆக்களுக்கு ஒருநாளும் வாய்க்கேல்லை. எங்கள் ஆறு பேருக்கும் (நாலு பெடியள், ரெண்டு பெட்டையள்) வேண்டியிருந்தது ஒருத்தருக்கும் தேவையில்லாத ஒரு கார். இதை இப்பிடி எழுதக்கூடக் கூச்சமாத்தான் இருக்கு. வன்னியில் துரு எண்டு சொன்னால் முதல் ஞாபகம் வாறது முள்ளிவாய்க்கால் பக்கத்தில் குவிஞ்சு கிடந்த பஸ்களும் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும். அந்தத் துருவில் கை வைக்கிறதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்திருந்தம். இரும்புக்கடைக்காரர் எங்களைப்போல யோசிக்கேல்லை. அவர்களில் பிழை சொல்லவும் ஏலாது.

கடைசியில் டோனர் கிடைச்சது குளத்துக்குக் கீழே, இரண்டு கிராமம் தள்ளி, ஒரு அம்மாவின் வளவில். அவவின் மனுசன் அந்த மைனரை வாடகைக்கு ஓடினவர். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்தக் கார் தெற்குப் பக்கம் போனதில்லையாம். 2008 கடைசியில் இடம்பெயரேக்கை ரயர் இல்லை. கூரைத் தகரத்தை உழவு இயந்திரத்தில் ஏத்தினவை, காரை மாமரத்துக்குக் கீழே விட்டிட்டுப் போயிட்டினம். திரும்பி வந்தபோது மாமரம் இல்லை. கார் நிண்டது. பிறகு 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்த இரவில் சீற் மட்டத்துக்குச் சேறு.

மனுசன் வரேல்லை. 2009 மே மாதம் வட்டுவாகலில் கடைசியாகக் கண்டது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கின காணாமலாக்கப்பட்டோர் உறவுகளின் போராட்டத்தில் அம்மாவும் படத்தோட இருந்தவ.

கார் கேட்கப் போன அண்டைக்கு அவ நிறைய நேரம் ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி தந்தா. பிறகு சொன்னா: "அவர் வந்தால் கார் எங்கை எண்டு கேப்பார். துருப்பிடிச்சுப் போச்சு எண்டு சொல்லுறதிலும் பார்க்க, பிள்ளையள் ஓடித் திரியிறாங்கள் எண்டு சொன்னால் சந்தோசப்படுவார். கொண்டு போங்கோ. புத்தகம் மட்டும் தரமாட்டன்."

புத்தகம் அவற்றை பேரில். பேர் மாத்த வேணுமெண்டால் அவர் இறந்திட்டார் எண்டு ஒரு கடுதாசி வேணும். 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனவர் எண்டு ஒரு சான்றிதழும் எடுக்கலாம் என்று வைத்தார்கள். அம்மா இரண்டையும் எடுக்கேல்லை. "ஆர் கொண்டுபோனது எண்டு தெரியும். பிறகென்ன காணாமற்போனது?" நாங்கள் இரண்டாம் தரம் கேட்கேல்லை. நம்பர் தகட்டையும் அவவே கழற்றி வைச்சிருக்கிறா. 1957இல் வந்த அந்தச் சிங்கள 'சிறீ' எழுத்துத் தகடுதான். எங்கட பேரன்மார் அந்த எழுத்துக்கு எதிராகத் தமிழ் 'ஸ்ரீ' எழுதிப் போராடினவை. இப்ப அதே தகடு சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கு. சரித்திரம் எப்பிடியெல்லாம் போய்க் குந்துது பாருங்கோ.

புத்தகம் இல்லாமல் வாகனம் என்றால் என்ன? இந்தக் கேள்விக்குப் பிரித்தானியாவில் ஒரு கணக்கு இருந்தது. மாத்திச் செய்த கார் பழைய நம்பரை வைச்சிருக்கலாமா என்று பார்க்கப் புள்ளி போட்டார்கள். சேசிசுக்கு ஐந்து. சஸ்பென்சன், அச்சு, கியர்பொக்ஸ், ஸ்ரியறிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. பதினாலில் எட்டு எடுத்தால் பாஸ். ஆனால் சேசிசின் ஐந்தும் அந்த எட்டுக்குள் இருந்தே ஆக வேண்டியிருந்தது. நாங்கள் எங்கட காருக்குக் கூட்டிப் பார்த்தம். ஒன்பது. ஒன்பது எடுத்தும் பெயில், ஏனெண்டால் சேசிஸ் எங்கட சொந்தச் சரக்கு. மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பொடியேதான் சேசிஸ். துரு தின்றதும் அதைத்தான். அப்பிடிப்பட்ட காரைச் சோதிச்சுப் பார்த்து, 'கியூ' எழுத்தில் தொடங்குற நம்பர் ஒன்று குடுத்தார்கள். வயதும் அடையாளமும் உறுதியில்லாத வாகனம் என்பது அதன் கருத்து. குறைஞ்சது அப்பிடி ஒரு எழுத்தாவது அங்கே இருக்கு. இங்கே புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வாகனத்தோட பொருந்த வேண்டும். எங்கட கார் ஏ9இல் ஏறாது. அதைத் தெரிஞ்சுகொண்டுதான் தொடங்கினம்.

எஞ்சின் சேறு குடிச்சு இறுகிப்போய் இருந்தது. பிளக்குகளைக் கழற்றி, டீசல் விட்டு, இரண்டு கிழமை அப்பிடியே விடச் சொன்னார் கராஜ் ஐயா. "அவசரப்படாதேங்கோ, அது பதினைஞ்சு வரியமா நித்திரை." மைனருக்கு முன்னால் கைபிடி போட்டுச் சுத்துற ஓட்டை ஒன்று இருக்கு. பதினாறாம் நாள் அந்தக் கைபிடி விரற்கடை அளவு அசைஞ்சது. நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாய் எல்லாம் குலைச்சது.

ஸ்ரியறிங் அதிசயம். 1948இல் அலெக் இசிகோனிஸ் இந்தக் காருக்குப் பற்சட்டமும் பற்சில்லும் சேர்ந்த ஸ்ரியறிங் வைத்தார். அந்தக் காலத்தில் சாதாரணக் கார்களில் அது பெரிதாக இல்லை. ரப்பர் உறை கிழிஞ்சு தொங்கினது, உள்ளுக்குள் கிறீஸ் இன்னும் மஞ்சளாக இருந்தது. பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சாரதியின் காலுக்குக் கீழே, தரைக்குள் ஒளிச்சு வைச்சிருக்கினம். சேறு முதலில் போய் இருக்கிற இடமும் அதுதான்.

இன்னொரு எரிச்சல்: மைனரின் தகட்டுப் பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், பாத் நகரத்தில் மைனர் திருத்துற நிலையம் நடத்தின சார்ள்ஸ் வெயரின் முயற்சியில். உலகமே மைனருக்குத் தரைத்தகடு தேடி இந்தத் தீவைப் பார்க்க, ஓமந்தைக்கு இங்கால ஒரு மைனர் தரையில்லாமல் நிண்டிருக்கு.

சட்டத்துக்கு ஒரு இஞ்சி பொக்ஸ் பார். நெல் காயப்போடுற சீமெந்துத் தளத்தில் சோக்கால் முழு அளவில் கீறினம். மூலைக்கு மூலை நூல் பிடிச்சு இரண்டு பக்கமும் ஒரே நீளமோ எண்டு பார்க்கிறது. ஓஎல் கணிதம் வாழ்க்கையில் உதவின முதல் நாள் அது. சதுரம் சரியும், முக்கோணம் சரியாது, அதனால் பெட்டி வாற இடமெல்லாம் குறுக்கே ஒரு சட்டம். கேற் செய்யிற வெல்டிங் அண்ணை முதலில் மாட்டன் எண்டார். "கேற் கால் இஞ்சி சரிஞ்சாலும் பூட்டலாம். இது சரிஞ்சால் ஆரின்ர பிள்ளைக்கு நான் பதில் சொல்லுறது?" பிறகு வந்தவர், எங்களைவிட நுணுக்கமாய் வேலை செய்தார். மெல்லிய பொக்ஸ் பாரில் கூர் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். கரண்டைக் குறைச்சு, தொட்டுத் தொட்டு எடுக்க வேணும். பின்னேரத்தில் ஊரெல்லாம் ரீவி போட்டால் வோல்ற்றேஜ் விழும், வேலை நிற்கும்.

முன் சஸ்பென்சனுக்கு இசிகோனிசின் முறுக்குக் கம்பியையே வைச்சிருக்கிறம். புதுச் சுருள்வில் வாங்கக் காசில்லை. பொனற்றுக்கு மீள்குடியேற்றத்தில் குடுத்த நெளி தகரம். சிரிக்காதேங்கோ, ஆரம்பகாலச் சிற்றோயன் 2சீவிக்கும் பொனற் நெளிதான்.

எங்கை ஓடுறது? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று கார்ப் பந்தயத் திடலாக மாறினது. பழைய பியற்றையும் ஹெரால்டையும் பிரிச்சுப் பந்தயக் கார் செய்தவர்கள் அங்கேதான் ஓடினார்கள். பிறகு கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஒற்றைச் சீற் பந்தயக் கார் செய்தார். நரேன் கார்த்திகேயன் தொடங்கினது அந்த வகைக் காரில். போருக்குப் போட்ட தார் இப்பிடியும் முடியலாம். இரணைமடுவிலும் ஒரு ஓடுபாதை இருக்கு. ஆர் போட்டது, இப்ப ஆரிட்டை எண்டு உங்களுக்குத் தெரியும். நாங்கள் அங்கை கேட்கப் போகேல்லை. காலபோகம் வெட்டின வயல் காணும்.

போன கிழமை எஞ்சினைச் சட்டத்தில் வைச்சு ஸ்ராட் பண்ணினம். இப்ப பெற்றோல் வாங்கலாம், எண்டாலும் ஐயா மடியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துக் காபரேற்றருக்குள் நாலு துளி விட்டார். பழக்கம். மூன்றாம் சுத்தில் பிடிச்சது. நீலப் புகை, பிறகு வெள்ளை, பிறகு ஒண்டுமில்லை. மைனர் சத்தம் தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும், புகைக்குழாயால் கொஞ்சம் இருமுற மாதிரி ஒரு சத்தம். அம்மா ஓட்டோவில் வந்திருந்தவ. கேட்டுக்கொண்டே நிண்டா. "ரெண்டு சீற்தானோ?" எண்டா. ஓம் எண்டம். "காணும். அவருக்கும் எனக்கும்."

எங்களில் ஒருத்தன் ஆடி மாதம் கனடா போறான், விசா வந்திட்டுது. போக முன்னம் ஒருக்கா ஓட வேணும் எண்டு நிக்கிறான். மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் வாசர் செற் யாழ்ப்பாணத்தில் தேடச் சொல்லியிருக்கு, செப்புக் குழாய் வந்திட்டுது. சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்க முன்னம் பிரேக் பூட்டி முடிக்க வேணும். திறந்திட்டாங்கள் எண்டால் வயல் வயலாப் போயிடும்.