சவுண்ட் கார்டின் மேல் போட்ட பழி

நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சவுண்ட் கார்டுகளைக் கெட்டுவிட்டதாகச் சொல்லிக் காசு வாங்கியிருக்கிறேன். முதலில் விவரம் தெரியாமல் செய்தேன். பிறகு தெரிந்தே செய்தேன். தெரிந்து செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய காலம். என் சர்வீஸ் கடைக்கு அடிக்கடி வந்த புகார், "பாட்டு போட்டா திக்குது தம்பி" என்பதுதான். சத்தம் வருகிற இடத்தில்தானே கோளாறு இருக்கும்? கார்டை மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டுக் கொடுப்பேன். திக்கல் நின்றுவிடும். என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் சவுண்ட் கார்டு ஒரு பாவப்பட்ட ஜீவன். சிடி தரத்துப் பாட்டு என்றால் ஒவ்வொரு சேனலுக்கும் விநாடிக்கு 44,100 மாதிரிகள் அதற்கு வந்தாக வேண்டும். அவற்றை நினைவகத்தின் ஒரு சிறு பகுதியில் பிராசஸர் நிரப்பிக்கொண்டே இருக்கும், கார்டு எடுத்து வாசித்துக்கொண்டே போகும். நிரப்புவது ஒரு கணம் தாமதித்தாலும் பழைய துண்டே திரும்ப ஒலிக்கும், அல்லது இடையில் மௌனம் விழும். அதுதான் திக்கல். பரிமாறுகிறவர் தாமதித்தால் பந்தியில் உட்கார்ந்தவரைக் குறை சொல்வதுபோல நான் கார்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிராசஸர் ஏன் தாமதித்தது? என் சொந்தக் கம்ப்யூட்டர் திக்கியபோதுதான் தேடிப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்கோடு பேசும்போது பிழைகள் ஆறு முறை சேர்ந்துவிட்டால், எக்ஸ்பி அதன் வேகத்தை ஒரு படி இறக்கிவிடும். இறக்கிக்கொண்டே போய்க் கடைசியில், பிராசஸரைச் சுமக்க வைக்காமல் தகவல் நகரும் டிஎம்ஏ முறையைக் கைவிட்டு, பிஐஓ முறைக்கு வந்து நிற்கும். பிறகு டிஸ்கிலிருந்து வரும் தகவலையெல்லாம் பிராசஸரே சுமக்க வேண்டும். பாட்டைக் கவனிக்க அதற்கு நேரம் ஏது? ஃபைல் காப்பி ஆகும்போது மவுஸும் சேர்ந்து முரண்டு பிடித்ததை எத்தனையோ மெஷின்களில் பார்த்திருந்தேன். யோசிக்கத்தான் இல்லை.

வைத்தியம் எளிது. டிவைஸ் மேனேஜரில், ஹார்ட் டிஸ்க் இணைந்திருக்கும் ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் டிஎம்ஏ திரும்பிவிடும். வேகம் மறுபடி இறங்கினால் டிஸ்கின் கேபிளைப் பார்க்க வேண்டும். விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் அந்தப் பிழைக் கணக்கு அழிந்துவிடும். ஆக, இத்தனை நாள் குணப்படுத்தியது நான் விற்ற கார்டு அல்ல.

இது தெரிந்த பிறகும் கார்டு விற்றேன். பத்து நிமிட வேலைக்கு யார் காசு தருவார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் பணம் தருகிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் கேட்டார்: "பழசுல என்னப்பா கோளாறு?" "சிப் போயிடுச்சு சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பென்ஷன் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அந்தக் கார்டை வேறு மெஷினில் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாகப் பாடியது. அதையும் செகண்ட் ஹேண்டாக விற்றேன்.

வயிற்றுப்பாடு என்று இதைப் பூசி மெழுக முடியாது. கடை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்தவன் என்ற பெயரும் வேண்டும், சுலபமான லாபமும் வேண்டும் என்று இருந்தேன். இதற்குப் பெயர் ஏமாற்று.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014இல் முடிந்தது. ஐடிஇ கேபிள்களும் போய்விட்டன. திக்கல் மட்டும் போகவில்லை. இன்று காரணம் பெரும்பாலும் வைஃபை டிரைவராகவோ மின்சேமிப்பு அமைப்பாகவோ இருக்கிறது. வைஃபையை அணைத்துப் பாருங்கள். பவர் அமைப்பை முழு வேகத்துக்கு மாற்றிப் பாருங்கள். லேட்டன்சிமான் என்ற மென்பொருள், எந்த டிரைவர் வழிமறிக்கிறது என்று பெயரோடு காட்டிவிடும். இத்தனைக்குப் பிறகும் திக்கினால் கார்டைச் சந்தேகப்படலாம்.

கார்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால், அதை வேறொரு மெஷினில் போட்டு உங்கள் எதிரிலேயே பாட வைக்கச் சொல்லுங்கள். மழுப்பினால் பணம் கொடுக்காதீர்கள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.